ஒரு கொலை, 37 நாட்கள், ஒரு உலகப் போர்: 1914இல் ஐரோப்பா எப்படிச் சிக்கியது?

1914 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை. போஸ்னியாவின் சரயேவோ நகரம். ஆஸ்திரியா-ஹங்கேரி பேரரசின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் அவரது மனைவி சோஃபியும் திறந்த காரில் போய்க்கொண்டிருந்தார்கள். அன்று காலையிலேயே அவர்கள் கார் மீது ஒரு குண்டு வீசப்பட்டிருந்தது. அது குறி தப்பி, பின்னால் வந்த காரில் இருந்தவர்களைக் காயப்படுத்தியது. நகர மன்ற வரவேற்பை முடித்துக்கொண்டு, காயம்பட்டவரை மருத்துவமனையில் பார்க்கக் கிளம்பினார் இளவரசர். பாதை மாற்றப்பட்ட விஷயம் டிரைவருக்குச் சொல்லப்படவில்லை. வேறு தெருவில் திரும்பிவிட்ட கார், பின்னால் எடுப்பதற்காக நின்றது. நின்ற இடத்துக்குச் சில அடி தூரத்தில், கையில் துப்பாக்கியோடு 19 வயது காவ்ரிலோ பிரின்சிப். இரண்டே இரண்டு குண்டுகள். கணவன் மனைவி இருவருமே உயிரிழந்தார்கள்.

அதிலிருந்து 37வது நாளில் ஐரோப்பாவின் ஐந்து பெரிய வல்லரசுகளும் போருக்குள் வந்துவிட்டன. நான்கு வருடம் கழித்து அது முடிந்தபோது, சுமார் 90 லட்சம் ராணுவ வீரர்கள் உயிரோடு இல்லை.

டிரைவர் சரியான ரோட்டில் போயிருந்தால் உலகப் போரே வந்திருக்காதா? சமூக ஊடகங்களில் அடிக்கடி சுற்றும் கேள்வி இது. கேட்க சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் அரசர்களும் அமைச்சர்களும் சுட்டுக் கொல்லப்படுவது அரிதான செய்தி அல்ல. இத்தாலியின் மன்னர் உம்பர்ட்டோ 1900இல் கொல்லப்பட்டார். போர்ச்சுகல் மன்னர் கார்லோஸ் 1908இல் கொல்லப்பட்டார். அதற்கெல்லாம் உலகப் போர் வரவில்லை. 1914இல் மட்டும் ஏன் வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தேசியவாதம்: சேர்க்கவும் செய்யும், உடைக்கவும் செய்யும்

பள்ளிப் பாடத்தில் 'தீவிர தேசியவாதம்' என்று ஒரே வார்த்தையில் படித்திருப்போம். உண்மையில் அது ஊருக்கு ஒரு மாதிரி வேலை செய்தது.

ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1871க்கு முன்பு அப்படி ஒரு நாடே கிடையாது. பிரஷ்யா, பவேரியா, சாக்ஸனி என்று பல அரசுகள்தான் இருந்தன. பிரான்ஸைப் போரில் தோற்கடித்து, பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையில் உள்ள கண்ணாடி மண்டபத்திலேயே, 'இன்று முதல் ஜெர்மன் பேரரசு' என்று அறிவித்தார்கள். கூடவே அல்சாஸ்-லொரெய்ன் பகுதியையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு தரப்புக்கு அது தேசத்தின் பிறந்தநாள். இன்னொரு தரப்புக்கு ஆறாத புண். பாரிஸின் முக்கிய சதுக்கத்தில் பிரெஞ்சு நகரங்களுக்குச் சிலைகள் உண்டு. அதில் பறிபோன ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தின் சிலைக்குப் பல ஆண்டுகள் கறுப்புத் துணி போர்த்தி, துக்க வீட்டில் செய்வதுபோல மாலை வைத்துவந்தார்கள்.

ஆஸ்திரியா-ஹங்கேரியில் கதை தலைகீழ். சுமார் 5 கோடி மக்கள். ஜெர்மன், ஹங்கேரியன், செக், போலிஷ், உக்ரேனியன், ருமேனியன், குரோட், செர்பியன், ஸ்லோவாக் என்று பத்துக்கும் மேற்பட்ட மொழிகள். 'ஒரு மொழி, ஒரு இனம், ஒரு நாடு' என்ற எண்ணம் பரவினால் ஜெர்மனி சேரும். ஆனால் இந்தப் பேரரசு துண்டு துண்டாகிவிடும். வியன்னாவில் இருந்த ஆட்சியாளர்களுக்கு இந்தப் பயம் இருந்துகொண்டே இருந்தது.

அந்தப் பயத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒரு முகம் இருந்தது. அதுதான் செர்பியா. தெற்கு ஸ்லாவிய மக்கள் எல்லோரும் ஒரே நாடாக வேண்டும், அதற்குத் தலைமை நாங்கள்தான் என்பது செர்பிய தேசியவாதிகளின் கனவு. அந்த ஸ்லாவியர்களில் பெரும் பகுதியினர் ஆஸ்திரியாவின் எல்லைக்குள் வாழ்ந்தார்கள். 1908இல் ஆஸ்திரியா போஸ்னியாவை முழுசாகத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது செர்பியா கொதித்தது. செர்பியாவுக்குப் பின்னால் நின்ற ரஷ்யாவோ, 1905இல் ஜப்பானிடம் தோற்ற களைப்பில் இருந்ததால், பல்லைக் கடித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டது. 'அடுத்த தடவை இப்படி விட்டுக்கொடுக்க முடியாது' என்ற வைராக்கியம் ரஷ்யத் தலைநகரில் அப்போதே முளைத்துவிட்டது.

1912, 1913 பால்கன் போர்களில் செர்பியாவின் நிலப்பரப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. வியன்னாவின் பயமும் அதே வேகத்தில் வளர்ந்தது. ஆஸ்திரிய ராணுவத் தலைமைத் தளபதி கான்ராட், 'செர்பியாவை அடித்துவிடலாம்' என்று 1913இல் மட்டும் இருபது தடவைக்கு மேல் கேட்டிருக்கிறார். அதற்கு 'வேண்டாம்' என்று சொல்லித் தடுத்துக்கொண்டிருந்த முக்கியமான ஆள் யார் தெரியுமா? இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட். பிரின்சிப் சுட்டது அவரைத்தான்.

சுட்ட நாளும் ஏதோ ஒரு நாள் அல்ல. ஜூன் 28, செர்பியர்கள் 1389ஆம் ஆண்டு கொசோவோ போரை நினைவுகூரும் புனித நாள். அன்றைக்கு, இணைத்துக்கொண்ட பகுதிக்கு, ராணுவப் பயிற்சியைப் பார்வையிட ஆஸ்திரிய இளவரசர் வருகிறார் என்றால், போஸ்னியாவில் இருந்த செர்பிய இளைஞர்களுக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? பிரின்சிப் குழுவுக்கு ஆயுதம் கொடுத்தது 'கறுப்புக் கை' என்ற ரகசிய அமைப்பு. அதன் தலைவர் டிமிட்ரியெவிச், செர்பிய ராணுவத்தின் உளவுத்துறைத் தலைவராகவும் இருந்தார். அரசாங்கமே செய்ததா, அரசாங்கத்துக்குள் இருந்த சிலர் செய்தார்களா என்ற கேள்வி அங்கேதான் சிக்கலானது.

ராணுவவாதம்: சீருடையைக் கண்டால் சல்யூட்

பெரிய ராணுவம் வைத்திருந்தால் மட்டும் ராணுவவாதம் ஆகிவிடாது. எந்தப் பிரச்சனைக்கும் ராணுவத் தீர்வுதான் முதலில் மனதுக்கு வருவதும், தளபதி சொன்னால் அமைச்சர் வாயை மூடிக்கொள்வதும்தான் அதன் அடையாளம்.

இதைப் புரிந்துகொள்ள பெர்லின் பக்கம் 1906இல் நடந்த ஒரு சம்பவம் போதும். வில்ஹெல்ம் ஃபோக்ட் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, பலமுறை சிறை சென்றவர். பழைய கடையில் ஒரு ராணுவ கேப்டன் சீருடையை வாங்கி மாட்டிக்கொண்டார். தெருவில் போன நிஜ சிப்பாய்களை 'என் பின்னால் வாங்க' என்று கூட்டிக்கொண்டு, கோபெனிக் நகர மன்றத்துக்குள் நுழைந்தார். மேயரைக் கைது செய்தார், கஜானாப் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சீருடை சொன்னால் சரிதான்! விஷயம் வெளியே வந்ததும் ஐரோப்பாவே விழுந்து விழுந்து சிரித்தது. ஜெர்மன் பேரரசர் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1908இல் அவருக்கு மன்னிப்பு கொடுத்து விடுதலை செய்தார்.

சிரிப்புக்கு இடம் தராத பக்கம், கடலில் நடந்தது. உலகின் பெரிய கடற்படை பிரிட்டனுடையது. தனக்கு அடுத்த இரண்டு நாடுகளின் கடற்படைகளைக் கூட்டினாலும் தன்னுடையது குறையக் கூடாது என்பது அதன் கொள்கை. தீவு நாடு, சாப்பாடே கப்பலில்தான் வந்து இறங்க வேண்டும் என்பதால் அதில் ஒரு நியாயமும் இருந்தது. 1898இலும் 1900இலும் ஜெர்மனி பெரிய கடற்படைச் சட்டங்களைக் கொண்டுவந்தது. அட்மிரல் டிர்பிட்ஸ் போட்ட கணக்கு இதுதான்: பிரிட்டனை ஜெயிக்க வேண்டாம், மோதினால் பிரிட்டனுக்குப் பலத்த அடி விழும் என்ற அளவுக்கு இருந்தால் போதும், அவர்கள் தானாகவே நம்மோடு சமரசத்துக்கு வருவார்கள்.

நடந்தது நேர் எதிர். 1906இல் பிரிட்டன் 'டிரெட்நாட்' என்ற புதுவகைப் போர்க்கப்பலை இறக்கியது. பத்து பெரிய பீரங்கிகள், அதிவேக டர்பைன் என்ஜின். அது வந்த அன்றே உலகத்தில் இருந்த மற்ற எல்லாப் போர்க்கப்பல்களும் பழசாகிவிட்டன. பிரிட்டனின் சொந்தக் கப்பல்களும்தான். அதாவது, போட்டி மறுபடியும் கிட்டத்தட்ட பூஜ்ஜியத்தில் இருந்து தொடங்கியது. ஜெர்மனிக்கு இது ஒரு வாய்ப்பு. அதுவும் டிரெட்நாட் கட்ட ஆரம்பித்தது. 1909இல் பிரிட்டனில் புதுசாக நான்கு கப்பல் போதும் என்று ஒரு தரப்பு அமைச்சர்கள் சொன்னார்கள், ஆறு வேண்டும் என்றது கடற்படை. பத்திரிகைகளும் மக்களும் போட்ட கூச்சலில் கடைசியில் எட்டு கப்பலுக்கு ஒப்புதல் ஆனது. நான்குக்கும் ஆறுக்கும் நடுவில் எட்டில் போய் முடிந்த ஒரே பேச்சுவார்த்தை இதுவாகத்தான் இருக்கும்.

தரையிலும் இதே கதை. பிரான்ஸ் 1913இல் கட்டாய ராணுவ சேவையை இரண்டு வருடத்தில் இருந்து மூன்றாக உயர்த்தியது. ஜெர்மனி அதே ஆண்டு ராணுவத்தைப் பெரிதாக்கியது. ரஷ்யா 1917க்குள் முடிக்கும் திட்டத்தோடு படையையும் ரயில் பாதைகளையும் விரிவுபடுத்தியது. இந்த 1917 என்ற எண்தான் ஜெர்மன் தளபதிகளின் தூக்கத்தைக் கெடுத்தது. 'போர் எப்படியும் வரத்தான் போகிறது. அப்புறம் வருவதைவிட இப்போதே வந்தால் நமக்கு நல்லது' என்ற பேச்சு பெர்லினில் வெளிப்படையாகவே இருந்தது.

ஏகாதிபத்தியம்: மேப்பில் கோடு போட்டவர்கள்

1884-85இல் பெர்லினில் கூடிய மாநாட்டில், ஆப்பிரிக்காவைப் பங்கு போடுவதற்கான விதிகளை ஐரோப்பிய நாடுகள் எழுதின. ஆப்பிரிக்கர் ஒருவர்கூட அந்த மேஜையில் இல்லை. 1914இல் அந்தக் கண்டத்தில் சுதந்திரமாக மிஞ்சியவை எத்தியோப்பியாவும் லைபீரியாவும் மட்டும்.

லேட்டாக வந்த ஜெர்மனிக்குக் கிடைத்த பங்கு சிறியது. அந்தக் கோபத்தில் மொராக்கோ விவகாரத்தில் இரண்டு முறை மூக்கை நுழைத்தது. 1905இல் கைசரே டான்ஜியர் நகரில் போய் இறங்கினார். 1911இல் 'பாந்தர்' என்ற பீரங்கிப் படகை அகாடிர் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். பிரான்ஸையும் பிரிட்டனையும் பிரிப்பதுதான் நோக்கம். ஆனால் இரண்டு முறையும் அவர்கள் இன்னும் நெருக்கமானார்கள். இத்தனைக்கும் 1898இல் சூடானின் ஃபஷோடாவில் அந்த இருவரும்தான் போரின் விளிம்பு வரை போனவர்கள். 1904இல் பிரிட்டன்-பிரான்ஸ் உடன்பாடு, 1907இல் பிரிட்டன்-ரஷ்யா உடன்பாடு. இரண்டுமே அடிப்படையில் 'எகிப்து உனக்கு, மொராக்கோ எனக்கு' மாதிரியான காலனி பேரங்கள். பாரசீகமும் ஆப்கானிஸ்தானும் திபெத்தும் அந்தப் பேரப் பட்டியலில் இருந்தன. பிரிட்டனுக்கு அதில் முதல் கவலை, இந்தியாவின் வடமேற்கு வாசல்.

ஆக, போர் ஆப்பிரிக்கக் காலனிக்காக வெடித்தது என்று சொன்னால் அது சரியாக இருக்காது. 1914 வாக்கில் அந்தத் தகராறுகள் பெரும்பாலும் தீர்ந்திருந்தன. ஏகாதிபத்தியம் செய்த வேலை வேறு. யார் யாரோடு சேர வேண்டும் என்பதை அது முடிவு செய்தது. 'வளராத நாடு அழிந்துவிடும்' என்ற எண்ணத்தைப் பதித்தது. அதைவிட முக்கியம், பால்கனே ஒரு ஏகாதிபத்தியக் களம்தான். ஒட்டோமான் பேரரசு தளர்ந்து பின்வாங்க, அந்த இடத்தைப் பிடிக்க ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் போட்டி போட்டன. ரஷ்யாவின் தானிய ஏற்றுமதியில் பெரும் பகுதி டார்டனெல்ஸ் ஜலசந்தி வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பக்கம் வேறு யாரும் காலூன்றுவதை அது எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்?

37 நாட்களில் என்ன நடந்தது?

கொலை நடந்த உடனே போர் வரவில்லை. முதல் மூன்று வாரம் ஐரோப்பா சாதாரணமாகத்தான் இருந்தது. திரைக்குப் பின்னால் நடந்ததைத்தான் யாரும் பார்க்கவில்லை.

ஜூலை 5. ஆஸ்திரியத் தூதர் போட்ஸ்டாமில் கைசரோடு மதிய உணவு சாப்பிட்டார். செர்பியா மீது நடவடிக்கை எடுத்தால், ரஷ்யா தலையிட்டாலும் ஜெர்மனி கூட நிற்கும் என்று கைசர் வாக்குக் கொடுத்தார். மறுநாள் பிரதமர் பெத்மன் ஹோல்வெக் அதை உறுதி செய்தார். தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக் மாதிரி என்று வரலாற்றில் இதற்குப் பெயரே வந்துவிட்டது. கையெழுத்துப் போட்ட கையோடு கைசர் தன் சொகுசுக் கப்பலில் நார்வேக்கு டூர் கிளம்பிவிட்டார்.

ஆஸ்திரியா அப்போதே அடித்திருந்தால், கொலையைப் பார்த்து அனுதாபத்தில் இருந்த ஐரோப்பா ஒருவேளை கண்ணை மூடிக்கொண்டிருக்கும். ஆனால் ஹங்கேரியின் பிரதமர் திஸா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. சிப்பாய்களில் பலர் அறுவடைக்காக லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள். போதாக்குறைக்கு, பிரெஞ்சு அதிபர் புவான்கரே ரஷ்யாவுக்கு அரசுமுறைப் பயணம் வந்திருந்தார். அவர் அங்கே இருக்கும்போது விஷயம் வெளியானால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துவிடுவார்களே! அவர் கப்பல் ஏறும்வரை காத்திருந்து, ஜூலை 23 மாலை 6 மணிக்கு, 48 மணி நேரக் கெடுவோடு செர்பியாவுக்குப் பத்து நிபந்தனைகள் அனுப்பினார்கள். மறுக்க வேண்டும் என்றே எழுதப்பட்ட நிபந்தனைகள் அவை.

செர்பியா ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பணிந்தது. தன் மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கேற்பதை மட்டும் ஏற்கவில்லை. கெடு முடிய சில நிமிடம் இருக்கும்போது பதிலைப் பிரதமர் பாஷிச் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆஸ்திரியத் தூதர் ஏற்கெனவே பெட்டி கட்டித் தயாராக இருந்தார். பதிலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, மாலை 6.30 ரயிலைப் பிடித்துவிட்டார்.

இங்கேதான் ஒரு திருப்பம். டூரில் இருந்து திரும்பிய கைசர், ஜூலை 28 காலையில் செர்பியாவின் பதிலைப் படித்துவிட்டு, 'இனி போருக்கான காரணமே இல்லை' என்ற முடிவுக்கு வந்தார். ஆஸ்திரியா பெல்கிரேடோடு நின்றுகொண்டு பேசலாம் என்றும் யோசனை சொன்னார். அந்த யோசனை வியன்னாவுக்கு லேட்டாகவும் நீர்த்துப்போயும்தான் போய்ச் சேர்ந்தது. அதே நாளில் ஆஸ்திரியா, சாதாரணத் தந்தி ஒன்றின் மூலம் செர்பியா மீது போரை அறிவித்துவிட்டது.

அடுத்து ரஷ்யா. ஜெர்மன் கைசரும் ரஷ்ய ஜார் நிக்கோலஸும் சொந்தக்காரர்கள். 'வில்லி', 'நிக்கி' என்று கையெழுத்துப் போட்டு ஆங்கிலத்தில் மாறி மாறித் தந்தி அடித்துக்கொண்டார்கள். ஜூலை 29 இரவு கைசரின் தந்தியைப் பார்த்து மனசு மாறிய ஜார், கையெழுத்தான முழுப் படைதிரட்டல் உத்தரவை நிறுத்தி வைத்தார். தளபதிகள் பதறிப்போனார்கள். பாதிப் படையை மட்டும் திரட்டினால் பிறகு முழுப் படையைத் திரட்டுவது குழம்பிவிடும் என்று வாதாடி, மறுநாள் ஜூலை 30 அன்று மறுபடியும் கையெழுத்து வாங்கினார்கள். தலைமைத் தளபதி யனுஷ்கெவிச் ஒரு முன்னேற்பாடும் செய்துகொண்டார்: உத்தரவு கையில் கிடைத்ததும் தன் டெலிபோனை உடைத்துவிடுவதாகச் சொன்னார். ஜார் மறுபடி மனசு மாறினால் தன்னைப் பிடிக்க முடியாதபடி!

பெர்லினிலும் அதே குழப்பம்தான். பிரதமர் பெத்மன், வியன்னாவுக்குப் 'பேச்சுவார்த்தைக்கு ஒத்துக்கொள்ளுங்கள்' என்று தந்தி அனுப்புகிறார். தலைமைத் தளபதி மோல்ட்கே அதே நேரத்தில் 'உடனே படையைத் திரட்டுங்கள்' என்று தந்தி அனுப்புகிறார். ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் பெர்ஷ்டோல்ட் தலையைப் பிய்த்துக்கொண்டார். பெர்லினில் ஆட்சி செய்வது மோல்ட்கேவா, பெத்மனா என்று அவர் கேட்டதாகப் பதிவு இருக்கிறது.

எல்லாவற்றையும் முடிவு செய்த ரயில் டைம்டேபிள்

ஜெர்மனியிடம் ஒரே ஒரு போர்த் திட்டம்தான் உருப்படியாக இருந்தது. 1905 வாக்கில் தளபதி ஷ்லீஃபென் வடிவமைத்தது. மேற்கே பிரான்ஸ், கிழக்கே ரஷ்யா, இரண்டு பக்கமும் எதிரி. ரஷ்யா பெரிய நாடு, ரயில் பாதைகள் குறைவு, படை திரள நாளாகும். அதற்குள் பெல்ஜியம் வழியாகப் பாய்ந்து சுமார் ஆறு வாரத்தில் பிரான்ஸை முடித்துவிட்டு, அதே படையை ரயிலில் ஏற்றிக் கிழக்கே கொண்டுபோக வேண்டும். இதுதான் கணக்கு.

இதில் இருந்த கோளாறைப் பாருங்கள். சண்டை நடப்பது பால்கனில். மிரட்டுவது ரஷ்யா. ஆனால் ஜெர்மனி முதலில் தாக்க வேண்டியது பிரான்ஸை. அதுவும் இந்தத் தகராறில் சம்பந்தமே இல்லாத பெல்ஜியம் வழியாக. ரஷ்யா படை திரட்டும் ஒவ்வொரு நாளும் திட்டத்தில் ஒரு நாள் குறைகிறது. அதனால் மற்ற நாடுகளுக்குப் படைதிரட்டல் என்பது மிரட்டலாக இருக்கலாம். ஜெர்மனிக்கு அது போரேதான். மூன்றாவது நாளே பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டைகளை நோக்கிக் கிளம்பியாக வேண்டும் என்பது திட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. இந்த விவரம் தனக்கு ஜூலை கடைசி வரை தெரியாது என்று பிரதமரே சொல்லும் நிலை இருந்தது என்றால், ராணுவவாதம் என்ற வார்த்தைக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 1 அன்று ரஷ்யா மீது ஜெர்மனி போர் அறிவித்தது. அன்று மாலை லண்டனில் இருந்து ஒரு தகவல்: பிரான்ஸைத் தாக்காமல் இருந்தால் பிரிட்டன் ஒதுங்கிக்கொள்ளக்கூடும். உற்சாகமான கைசர், 'அப்படியானால் மொத்தப் படையையும் கிழக்கே திருப்பிவிடலாம்' என்றார். மோல்ட்கே முடியவே முடியாது என்றார். லட்சக்கணக்கான ஆட்கள், குதிரைகள், பீரங்கிகள், எந்த ரயில் எந்தப் பாலத்தை எத்தனை மணிக்குக் கடக்க வேண்டும் என்பது வரை வருடக்கணக்கில் போட்ட ஏற்பாடு. அதை ஒரு ராத்திரியில் மாற்றினால் மிஞ்சுவது படையல்ல, கும்பல்தான் என்பது அவர் வாதம். போர் முடிந்த பிறகு, அந்த ரயில்வே பிரிவின் தலைவராக இருந்த தளபதி ஸ்டாப், 'என்னிடம் கேட்டிருந்தால் திருப்பிக் காட்டியிருப்பேன்' என்பதை விளக்கி வரைபடங்களோடு ஒரு புத்தகமே போட்டார். லண்டன் தகவலும் தவறான புரிதல் என்று அன்று இரவே தெரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 2, பெல்ஜியத்துக்கு 12 மணி நேரக் கெடு. மன்னர் ஆல்பர்ட் மறுத்தார். ஆகஸ்ட் 3, பிரான்ஸ் மீது போர் அறிவிப்பு. ஆகஸ்ட் 4, ஜெர்மன் படைகள் பெல்ஜிய எல்லையைத் தாண்டின. அதுவரை பிரிட்டன் அமைச்சரவை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பெல்ஜியத்தின் நடுநிலைமைக்கு 1839 ஒப்பந்தத்தில் பிரிட்டனும் பிரஷ்யாவும் உத்தரவாதக் கையெழுத்துப் போட்டிருந்தன. அந்தக் காகிதம் தயங்கியவர்களில் பெரும்பாலோரை ஒரு பக்கமாகத் தள்ளியது. மோர்லி, பர்ன்ஸ் என இரண்டு அமைச்சர்கள் மட்டும் பதவி விலகினார்கள். அன்று இரவே பிரிட்டனும் போரில் இறங்கியது. 'பாவம் சின்ன பெல்ஜியம்' என்று எழுதிய பத்திரிகைகள், அதே பெல்ஜியத்தின் முந்தைய மன்னர் காங்கோவில் ரப்பருக்காக நடத்திய கொடூரங்களை ஆறேழு வருடம் முன்புவரை எழுதிக்கொண்டிருந்தவை.

தடுக்க யாருமே இல்லையா?

இருந்தார்கள். ஜூலை கடைசி வாரத்தில் ஜெர்மன் நகரங்களில் தொழிலாளர்கள் பெரும் திரளாகப் போருக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். பிரான்ஸின் சோஷலிஸ்ட் தலைவர் ஜான் ஜோரெஸ், இரு நாட்டுத் தொழிலாளர்களும் சேர்ந்து போரை நிறுத்தலாம் என்று கடைசிவரை ஓடிக்கொண்டிருந்தார். ஜூலை 31 இரவு, பாரிஸில் ஒரு உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை ஜன்னல் வழியாகச் சுட்டுக் கொன்றார் ரவுல் வில்லேன் என்ற தீவிர தேசியவாதி. போருக்குப் பின் 1919இல் நடந்த விசாரணையில் வில்லேன் விடுதலை செய்யப்பட்டார்.

ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் நாடாளுமன்றத்தின் பெரிய கட்சியான சமூக ஜனநாயகக் கட்சி, போர்ச் செலவுக்கு ஆதரவாகவே வாக்களித்தது. ஜாரின் ரஷ்யா நம் மீது படையெடுக்கிறது, இது தற்காப்பு என்று நம்பினார்கள். பிரான்ஸில் இருந்தவர்களும் அதையேதான் நம்பினார்கள். ரஷ்யாவிலும், செர்பியாவிலும், ஆஸ்திரியாவிலும்கூட. ஐந்து நாடுகளிலும் ஒரே நேரத்தில் 'நம்மைத் தாக்குகிறார்கள்' என்று மக்களை நம்பவைக்க முடிந்ததுதான் அந்த ஆகஸ்டின் பெரிய சங்கதி.

வியாபாரம் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் இருந்தது. நார்மன் ஏஞ்சல் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர், ஜெயித்தவனுக்கும் போரில் நஷ்டம்தான் என்று எழுதிய புத்தகம் பல மொழிகளில் விற்றுத் தீர்ந்திருந்தது. அவர் கணக்கு தப்பில்லை. ஜெயித்தவர்களும் கடனாளியாகத்தான் வெளியே வந்தார்கள். ஆனால் பிரிட்டனும் ஜெர்மனியும் ஒருவருக்கொருவர் பெரிய வாடிக்கையாளர்களாக இருந்தது எதையும் தடுக்கவில்லை.

சொந்தபந்தமும் தடுக்கவில்லை. கைசரும் பிரிட்டன் மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் விக்டோரியா மகாராணியின் பேரன்கள். ஜாரின் மனைவியும் அதே பாட்டியின் பேத்தி. போர் வந்ததும் பெயர்களுக்கே ஆபத்து வந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்பது ஜெர்மன் மாதிரி இருக்கிறது என்று 'பெட்ரோகிராட்' ஆக்கினார்கள். பிரிட்டன் கடற்படையின் தலைமை அதிகாரி பேட்டன்பர்க், ஜெர்மன் வம்சாவளியினர் என்ற முணுமுணுப்பால் 1914 அக்டோபரில் பதவி விலக நேர்ந்தது. 1917இல் அந்தக் குடும்பம் தன் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டது: மவுண்ட்பேட்டன். ஆம், இந்தியாவின் கடைசி வைஸ்ராய் அவருடைய மகன்தான்.

சென்னைக்கும் வந்த போர்

பிரிட்டன் போரில் இறங்கிய அந்த நிமிடமே இந்தியாவும் போரில் இருந்தது. இந்தியர்களை யாரும் கேட்கவில்லை. ஏகாதிபத்தியம் ஐரோப்பியச் சண்டையை உலகச் சண்டையாக்கியது இப்படித்தான். சுமார் 13 லட்சம் இந்தியர்கள் இந்தப் போரில் பணிபுரிந்தார்கள். 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. பெல்ஜியத்தின் சேற்றுப் பதுங்குகுழிகளிலும் மெசபடோமியாவின் வெயிலிலும், தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத எல்லைக்கோடுகளுக்காக. டெல்லியின் இந்தியா கேட் அவர்களுக்காக எழுப்பப்பட்டது. அந்த வெற்றியின் நினைவாகக் கட்டப்பட்டதுதான் சென்னையில் தலைமைச் செயலகம் அருகே உள்ள போர் நினைவுச் சின்னமும்.

1914 செப்டம்பர் 22 இரவு, போர் மெரினாவுக்கே வந்தது. ஜெர்மன் போர்க்கப்பல் 'எம்டன்' கடற்கரைக்கு அருகே வந்து, துறைமுகப் பகுதியில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மீது நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. தொட்டிகள் பற்றி எரிந்தன. சுமார் அரை மணி நேரத்தில் கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. அடுத்தடுத்த நாட்களில் ஏராளமானோர் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' எம்டனை வீழ்த்தியது. ஆனால் 'அவன் பெரிய எம்டன்' என்ற பேச்சு தமிழில் தங்கிவிட்டது. உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் இந்தத் தாக்குதலை நினைவூட்டும் கல்வெட்டு இருக்கிறது.

அப்போ, குற்றவாளி யார்?

1919இல் ஜெயித்தவர்கள் எழுதிய வெர்சாய் ஒப்பந்தத்தின் 231வது பிரிவு, பொறுப்பு ஜெர்மனிக்கும் அதன் கூட்டாளிகளுக்கும்தான் என்றது. 1961இல் ஜெர்மன் வரலாற்றாசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர், தன் நாட்டு ஆவணங்களைத் தோண்டி ஏறத்தாழ அதையே சொன்னபோது ஜெர்மனியில் பெரிய சண்டையே நடந்தது. 2012இல் கிறிஸ்டோபர் கிளார்க், எல்லா நாட்டுத் தலைவர்களும் தூக்கத்தில் நடப்பவர்கள் மாதிரி விளைவைப் பார்க்காமல் நடந்தார்கள் என்று எழுதினார். விவாதம் இன்னும் முடியவில்லை. பெர்லினும் வியன்னாவும் எடுத்த ரிஸ்க் மற்றவர்களுடையதைவிடப் பெரியது என்பதில் மட்டும் பலரும் ஒத்துப்போகிறார்கள்.

பிரின்சிப்புக்கு 20 வயது நிறையாததால் தூக்கு கிடைக்கவில்லை. 20 வருடச் சிறைத் தண்டனை பெற்று, காசநோயில் 1918 ஏப்ரலில் சிறையிலேயே இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 11 அன்று போர் நின்றது. ஜெர்மன், ஆஸ்திரிய, ரஷ்ய, ஒட்டோமான் பேரரசுகள் நான்கும் அந்தப் போரோடு சரிந்தன.

வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தான தேதி 1919 ஜூன் 28, சரயேவோ கொலையின் ஐந்தாம் ஆண்டு. இடம், 1871இல் ஜெர்மன் பேரரசு அறிவிக்கப்பட்ட அதே கண்ணாடி மண்டபம். ஜெர்மனியிடம் இருந்த காலனிகளுக்கு விடுதலை கிடைக்கவில்லை. 'பொறுப்பு ஆட்சி' என்ற புதுப் பெயரில் கைமாறின. டாங்கனிகா பிரிட்டனுக்கு, தென்மேற்கு ஆப்பிரிக்கா தென்னாப்பிரிக்காவுக்கு, ருவாண்டாவும் புருண்டியும் பெல்ஜியத்துக்கு. ஒட்டோமான்களிடம் இருந்த ஈராக்கும் பாலஸ்தீனமும் பிரிட்டனிடமும், சிரியாவும் லெபனானும் பிரான்ஸிடமும் போயின. சீனாவின் ஷாண்டோங்கில் ஜெர்மனி வைத்திருந்த உரிமைகள் சீனாவுக்குத் திரும்பவில்லை, ஜப்பானுக்குப் போயின. சீனாவும் ஜெயித்த அணியில்தான் இருந்தது. அந்த முடிவு 1919 மே மாதத் தொடக்கத்தில் பீஜிங்கை எட்டியதும், மே 4 அன்று மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள்.